கேள்வி பதில்: கொலம்போ ஸ்ட்ரீட்டும் காணாமப் போன ஒரு தொகுதியும்

போன இதழ்ல ஒரு வாசகர் வெளிநாட்டுல நம்ம பக்கத்து ஊர் பேர்ல தெரு ஏதாவது இருக்கான்னு கேட்டிருந்தார். நான் பாட்டுக்கு நியூசிலாந்து கிரைஸ்ட்சர்ச்சுல மெட்ராஸ் ஸ்ட்ரீட்டும் இருக்கு கொலம்போ ஸ்ட்ரீட்டும் இருக்கு, அந்த கொலம்போ ஸ்ட்ரீட்லயே தெக்கால போனா சிடனம்னு ஒரு ஏரியா வரும், அது ஒரு காலத்துல தனி பார்லிமெண்ட் தொகுதி, இப்போ அப்படி ஒரு தொகுதியே இல்லன்னு ஒரு வரி சேர்த்துட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாசம் லெட்டரும் மெயிலுமா கொட்டியிருக்கு. சரி, இந்த மாசம் முழுக்க சிடனம்தான். சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, உங்க கேள்வியெல்லாம் டிராயர்ல பத்திரமா இருக்கு.

கே: மெட்ராஸ் ஸ்ட்ரீட்னு பேர் வச்சிருக்காங்கன்னா அந்தக் காலத்துலயே நம்ம ஆளுங்க அங்க போய் குடியேறியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? (மயிலாப்பூர் வாசகர்)

ப: சார், ஆசையா இருக்கு, ஆனா அப்படி இல்ல. கிரைஸ்ட்சர்ச் ஆங்கிலிக்கன் சர்ச்சுக்காரங்க பிளான் போட்டு உருவாக்குன ஊர். 1850ல எட்வர்ட் ஜாலின்னு ஒரு சர்வேயர் தெருவெல்லாம் கோடு போட்டு முடிச்சதும் பேர் வைக்கணுமே, ஒவ்வொண்ணுக்கா யாரு யோசிக்கிறது, ஆங்கிலிக்கன் பிஷப்புங்க இருக்கிற ஊர் பட்டியலை எடுத்து வச்சுக்கிட்டு வரிசையா வச்சுட்டாங்க. அப்போ மெட்ராஸுக்கும் ஒரு பிஷப் இருந்தார், கொழும்புக்கும் ஒருத்தர் இருந்தார், அவ்ளோதான் நமக்கும் அந்த ஊருக்கும் இருந்த உறவு.

கே: சிடனம் எப்படிப்பட்ட ஏரியா? பணக்காரங்க இடமா?

ப: இல்லவே இல்ல. ஊருக்கு நடுவுல கதீட்ரல், அதைச் சுத்தி ஆபீஸ் கடை எல்லாம், அதுக்குத் தெக்கால ரயில்வே லைன், லைனைத் தாண்டினா சிடனம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னா எந்த ஊர்லயும் என்ன அர்த்தமோ அதேதான் இங்கயும். சின்னச் சின்ன மர வீடு, பட்டறை, ஃபாக்டரி, பக்கத்துலயே அடிங்டன்ல பெரிய ரயில்வே ஒர்க்‌ஷாப். காலையில சங்கு ஊதினா வேலைக்குப் போற ஜனங்க. 1877ல தனி முனிசிபாலிட்டி ஆச்சு, 1903ல கிரைஸ்ட்சர்ச் சிட்டியோட சேத்துட்டாங்க. புறநகர்னு ஆரம்பிச்சு நகரத்துக்குள்ளயே மூழ்கிப் போன ஏரியா.

கே: தொகுதியா எப்போ ஆச்சு? முதல்ல யாரு ஜெயிச்சது?

ப: 1881. அந்த வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி நடந்த எலெக்‌ஷனுக்கு ஒரு விசேஷம் இருக்கு. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஓட்டுப் போடணும்னா சொத்து இருக்கணும், இல்லன்னா இவ்வளவு வாடகை கட்டுற வீட்டுல இருக்கணும்னு கணக்கு. 1879ல சட்டம் மாறி வயசுக்கு வந்த ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டுன்னு ஆனதுக்கப்புறம் வந்த முதல் எலெக்‌ஷன் இதுதான். அதாவது கூலிக்கு வேலை பாக்குறவன் ஓட்டுச் சாவடிக்குள்ள கால் வைக்கிற நேரமும் சிடனம்ங்கற தொழிலாளர் ஏரியா தனித் தொகுதியா வர்ற நேரமும் ஒண்ணா அமைஞ்சு போச்சு. முதல் எம்.பி. வில்லியம் வைட். அவர் 1886ல ராஜினாமா பண்ண, இடைத்தேர்தல்ல ரிச்சர்ட் மோல்ஸ்வொர்த் டெய்லர் வந்தார். 1890ல தொகுதியே போயிடுச்சு. மொத்தம் 9 வருஷம்.

கே: 9 வருஷத்துல ஏன் எடுத்தாங்க? ஏதாவது ஊழலா?

ப: ஊழல்லாம் இல்லீங்க, சிக்கனம். சபையில 95 பேர் இருந்தாங்க, அவ்ளோ பேருக்கு எதுக்கு சம்பளம் கொடுக்கணும்னு 74ஆ குறைச்சுட்டாங்க. அந்த வெட்டுல ஆக்லண்ட், வெலிங்டன், கிரைஸ்ட்சர்ச், டுனீடின்னு நாலு பெரிய ஊர்லயும் இருந்த சின்னத் தொகுதிகளைச் சேத்து ஊருக்கு ஒரே தொகுதி, மூணு எம்.பி.ன்னு ஆக்கிட்டாங்க. ஒவ்வொரு ஓட்டருக்கும் மூணு ஓட்டு. சிடனம் அந்த 'சிட்டி ஆஃப் கிரைஸ்ட்சர்ச்' தொகுதிக்குள்ள கரைஞ்சு போச்சு. 1905ல அந்த மூணு எம்.பி. ஏற்பாட்டைக் கலைச்சு மறுபடி தனித்தனியா பிரிச்சப்போ கூட சிடனம்ங்கற பேர் திரும்பி வரல, கிரைஸ்ட்சர்ச் சவுத்னு வச்சுட்டாங்க.

கே: தொகுதி இல்லாத காலத்துல அந்த ஏரியா அரசியல் படுத்துடுச்சா?

ப: நல்ல கேள்வி. படுக்கல, சொல்லப்போனா அப்பத்தான் கொதிச்சுது. சிடனம்ல லெனார்ட் ஐசிட்னு ஒரு மெத்தடிஸ்ட் போதகர். அவரும் டி.ஈ. டெய்லர்னு ஒருத்தரும் (முன்னாடி சொன்ன எம்.பி. டெய்லர் வேற, இவர் வேற, குழப்பிக்காதீங்க) சேர்ந்து மதுவிலக்குப் போராட்டத்தை ஆரம்பிச்சாங்க. 1890ல 'தி புரோஹிபிஷனிஸ்ட்'னு ஒரு பத்திரிகையும் நடத்துனாங்க. அந்தப் பத்திரிகையில பெண்களுக்குன்னு ஒதுக்கின பக்கத்தைப் பாத்துக்கிட்டது யாருன்னா கேட் ஷெப்பர்ட். ஆமா, 1893 செப்டம்பர் 19ஆம் தேதி நியூசிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துச்சே, உலகத்துலயே முதல்ல, அதுக்குப் போராடின அதே அம்மாதான். சாராயக்கடையை மூடணும்னா பொம்பளைங்க கையில ஓட்டு இருக்கணும்னு கணக்குப் போட்டுத்தான் அந்த ரெண்டு இயக்கமும் கைகோத்துக்கிச்சு. கையெழுத்து மனு கிட்டத்தட்ட 32,000 பேர். பெரிய மனுவோட தாளையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச் சுருட்டி வச்சிருந்தாங்க, சபைக்குள்ள கொண்டு போய் உருட்டி விட்டாங்க, அது பாட்டுக்கு ஓடிச்சாம். அந்தக் காட்சியைப் பாக்கணும் போல இருக்கு எனக்கு.

கே: சரி, அப்புறம் எப்படி 1946ல மறுபடி முளைச்சுது?

ப: இதுக்கு 'கன்ட்ரி கோட்டா'ன்னு ஒரு சமாச்சாரம் புரியணும். கொஞ்சம் பொறுமையா படிங்க, அப்புறம் தூக்கம் வந்துச்சுன்னு எனக்கு எழுதாதீங்க.

1881லருந்து நியூசிலாந்துல தொகுதி பிரிக்கும்போது கிராமத்து ஜனத்தொகையை உள்ளதை விட ஜாஸ்தியா எண்ணுவாங்க. 1889லருந்து அது 28 சதவீதம். அதாவது கிராமத்துல 1,000 பேர் இருந்தா 1,280ன்னு கணக்கு எழுதுவாங்க, டவுன்ல 1,000 பேர்னா 1,000தான். கிராமத்துத் தொகுதி பெருசு, ஆளுங்க தூரந்தூரமா இருக்காங்க, எம்.பி. குதிரையில போய்ப் பாக்கணும்னு காரணம் சொன்னாங்க. காரணம் கொஞ்சம் நியாயம்தான், ஆனா இதனால டவுன் தொகுதி எண்ணிக்கை குறைஞ்சு கிராமத்துத் தொகுதி ஜாஸ்தியாச்சு. விவசாயிங்க பக்கம் இருந்த கட்சிக்கு லாபம், தொழிலாளர் கட்சியான லேபருக்கு நஷ்டம். லேபர் ஆட்சியில இருந்தப்போ 1945ல சட்டம் போட்டு இதை ஒரேயடியா தூக்கிட்டாங்க. எதிர்க்கட்சி குதிச்சுது. கூடவே உலகப்போரால 1941 சென்சஸ் நடக்கல, அதனால பத்து வருஷ ஜனத்தொகை மாற்றத்தையும் ஒரே நேரத்துல சரிபண்ண வேண்டியதாச்சு. விளைவு, 1946ல நாட்டுல இருந்த ஒரு தொகுதி கூட பழைய எல்லையோட மிஞ்சல, அத்தனையும் மாறிச்சு. 27 தொகுதி காலி. கிரைஸ்ட்சர்ச் சவுத்தும் அதுல ஒண்ணு. அந்த இடத்துலதான் 56 வருஷம் கழிச்சு சிடனம்னு பழைய பேரை எடுத்துத் தூசி தட்டி வச்சாங்க.

யாரு எங்க எத்தனை பேர்னு எண்ணுறதுலதான் எல்லாமே இருக்கு பாருங்க. சிடனம் ரெண்டு தடவை செத்ததுக்கும் ஒரு தடவை பொழச்சதுக்கும் அங்கே குடியிருந்தவங்க பண்ணின காரியம் எதுவுமே காரணம் இல்ல.

கே: சிடனம் எம்.பி. ஒருத்தர் பார்லிமெண்ட்ல உள்ளாடையைத் தூக்கிக் காட்டினார்னு எங்கேயோ படிச்சேன். உண்மையா? எழுதுறதுக்கே கூச்சமா இருக்கு. (பெயர் வேண்டாம்னு எழுதிய வாசகி)

ப: கூச்சப்படாதீங்கம்மா, தூக்கிக் காட்டினவங்களே கூச்சப்படல! மேபல் ஹவர்ட். 1946லருந்து 1969 வரைக்கும் சிடனத்துக்கு அந்த அம்மாதான் எம்.பி. அதுக்கு முன்னாடி 1943லருந்து பக்கத்துல கிரைஸ்ட்சர்ச் ஈஸ்ட். பிறந்தது 1894ல ஆஸ்திரேலியா அடிலெய்டுல, அம்மா இறந்ததும் அப்பா பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு கிரைஸ்ட்சர்ச் வந்துட்டார். சின்ன வயசுலயே யூனியன் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தாங்க. மண் வெட்டுறவங்க, மூட்டை தூக்குறவங்கன்னு அத்தனையும் ஆம்பளைங்களா இருக்குற கேன்டர்பரி பொதுத் தொழிலாளர் சங்கம், அதுக்கு 1933ல செயலாளரா வந்து உக்காந்தாங்க. அந்தக் காலத்துல இதை நினைச்சுப் பாருங்க.

1947 மே மாசம் சுகாதார மந்திரி. நியூசிலாந்தோட முதல் பெண் மந்திரி இவங்கதான். பிரதமர் பீட்டர் ஃப்ரேசர் தயவுல கிடைச்ச பதவின்னு நினைக்காதீங்க, லேபர் கட்சியில மந்திரிங்களை எம்.பி.ங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க, அப்படி ஜெயிச்சு வந்தது.

இப்போ அந்த உள்ளாடை விஷயம். 1954, அப்போ லேபர் எதிர்க்கட்சி. ரெடிமேட் துணியில சைஸ் போடுறதுக்கு ஒரு ஒழுங்கே இல்ல, கம்பெனிக்கு ஒரு அளவு. வீட்டுப் பொம்பளைங்க பணத்தைக் கொடுத்து ஏமாந்து வர்றாங்கன்னு இந்த அம்மா பேசிப் பாத்தாங்க, ஆம்பளை எம்.பி.ங்க காதுல ஏறல. ஒரு நாள் சபையில எழுந்து ரெண்டு ப்ளூமரை எடுத்துத் தூக்கிப் பிடிச்சாங்க. ப்ளூமர்னா முட்டி வரைக்கும் வர்ற தொளதொளன்னு இருக்குற அந்தக் காலத்து உள் நிக்கர். ரெண்டுலயும் லேபிள் ஒண்ணே, பெரிய சைஸ்னு குறிக்கிற 'ஓ.எஸ்.'. ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா ஒண்ணு இன்னொண்ணை விட நல்லாவே அகலம். பத்துப் பக்கம் பேசிப் புரியாதது பத்து செகண்டுல புரிஞ்சுது. சபையே சிரிச்சுது, மறுநாள் பேப்பர்லயும் அதுதான். அந்த அம்மா செஞ்ச மத்த வேலையெல்லாம் மறந்து போய் இன்னைக்கு வரைக்கும் ப்ளூமர் மேபல்னுதான் ஜனங்களுக்கு ஞாபகம், இது கொஞ்சம் அநியாயம்தான். ஆனா அவங்க கிளப்புன பிரச்சனை என்னவோ இன்னும் உயிரோடதான் இருக்கு. போன தீபாவளிக்கு நான் ஒரே கடையில ஒரே நாள்ல 40ன்னு போட்ட ரெண்டு சட்டை வாங்கினேன், ஒண்ணு பட்டன் போட்டா மூச்சு விட முடியல, இன்னொண்ணுல நானும் என் பையனும் சேர்ந்து நுழையலாம். மாத்தித் தாங்கன்னு போனா துணி துவைச்சாச்சு சார்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்காகத் தூக்கிக் காட்ட ஒரு மேபல் இல்ல.

கே: மேபல் ஹவர்டோட அப்பாவும் எம்.பி.தானே? அப்போ அங்கயும் வாரிசு அரசியல்தானா?

ப: மடக்கிட்டோம்னு நினைக்கிறீங்க! அப்பா டெட் ஹவர்ட் 1919லருந்து 1939 வரைக்கும் கிரைஸ்ட்சர்ச் சவுத் எம்.பி., பின்னால சிடனம்னு பேர் மாறின அதே வட்டாரம். 1939ல அவர் இறந்ததும் அந்த சீட் தனக்குத்தான்னு மேபல் எதிர்பாத்தாங்க. கட்சி கொடுக்கல. ராபர்ட் மாக்ஃபார்லேன்னு ஒருத்தரை நிறுத்தி ஜெயிக்க வச்சாங்க. அப்பாவுக்குப் பாதி வேலையைத் தூக்கிச் சுமந்த பொண்ணு, ஏற்கனவே சிட்டி கவுன்சில்ல இருந்தவங்க, நாலு வருஷம் காத்திருந்து வேற தொகுதியில இடைத்தேர்தல் வந்தப்புறம்தான் உள்ளே வர முடிஞ்சுது. வாரிசுன்னா இவ்ளோ கஷ்டப்பட வேண்டியதில்ல. நிஜமான வாரிசுக் கதை சிடனத்துல பின்னாடி வருது, பொறுங்க.

கே: ஒரு பிரதமர் அந்தத் தொகுதியிலருந்து வந்தார்னு சொல்றாங்களே?

ப: நார்மன் கர்க். 12 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவர், ரயில்வேல, பாய்லர்லன்னு கிடைச்ச வேலையெல்லாம் பாத்தவர். கிரைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே கையாபோய்னு ஒரு சின்ன ஊர், அங்க தன் கையாலயே கல் அறுத்து வீடு கட்டினார், 1953ல அந்த ஊருக்கு மேயரும் ஆனார். 1957ல லிட்டில்டன் தொகுதியில ஜெயிச்சு பார்லிமெண்ட், 1965ல லேபர் தலைவர். லிட்டில்டன் இழுபறியான தொகுதி. கட்சித் தலைவர் நாடு முழுக்க சுத்தணும், சொந்தத் தொகுதியில வீடு வீடா போய்க் கதவைத் தட்டிக்கிட்டு இருக்க முடியுமா? 1969ல மேபல் அம்மாவுக்கு வயசு 75 ஆகப் போகுது, கட்சி வேட்பாளருக்கு வயசு வரம்பு கொண்டு வந்துடுச்சு, அந்த அம்மா மனசில்லாமத்தான் வழி விட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு நின்னாலும் லேபர் ஜெயிக்கிற சிடனம் கர்க்குக்கு வந்துச்சு.

அந்த எலெக்‌ஷன்ல கர்க் சீட்டை ஜெயிச்சார், ஆனா ஆட்சி கிடைக்கல. 1972ல 87ல 55 இடம் பிடிச்சு பிரதமர். ரெண்டு வருஷம் கூட முழுசா இல்ல, ஆனா பசிபிக்குல பிரான்ஸ் அணுகுண்டு வெடிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்போ மந்திரி ஒருத்தரை ஏத்தி போர்க்கப்பலையே அந்தச் சோதனை நடந்த முருரோவா தீவுப் பக்கம் அனுப்பினார், நிறவெறி தென்னாப்பிரிக்காவோட ரக்பி டீமை 1973ல வராதேன்னு நிறுத்தினார். ரக்பின்னா உயிரை விடுற நாட்டுல ஓட்டுப் போகும்னு தெரிஞ்சே செஞ்சது அது. 1974 ஆகஸ்ட் 31ஆம் தேதி பதவியில இருக்கும்போதே இறந்துட்டார், வயசு 51.

கே: அப்போ இடைத்தேர்தல்ல யாரு?

ப: பையன் ஜான் கர்க். 1974 நவம்பர் 2. முன்னாடி சொன்னேனே, வாரிசு! பத்து வருஷம் இருந்தார். கடைசியில கட்சியோட முறைச்சுக்கிட்டு சுயேச்சையா உக்காந்து முடிச்சார். அவ்ளோதான் அவரைப் பத்தி.

கே: ஆண்டர்டன்னு ஒருத்தர் கட்சி மாறியும் அதே தொகுதியில ஜெயிச்சாராமே, அதைக் கொஞ்சம் விவரமா எழுதுங்க. (திருச்சி கல்லூரி மாணவர்)

ப: கட்சி மாறினார்னு சொன்னா அவர் சண்டைக்கு வந்திருப்பார். கட்சிதான் மாறுச்சு, நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன்னுதான் அவர் வாதம்.

ஜிம் ஆண்டர்டன் சாதாரண ஆள் இல்ல, 1979லருந்து 1984 வரைக்கும் லேபர் கட்சியோட தலைவர். அங்க கட்சி அமைப்புக்கு ஒரு தலைவர், பார்லிமெண்ட்ல ஒரு தலைவர்னு தனித்தனி, இவர் அமைப்புத் தலைவர். 1984ல சிடனத்துல ஜெயிச்சு உள்ளே போறார், அதே எலெக்‌ஷன்ல லேபர் ஆட்சிக்கும் வருது. வந்தவுடனே நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் எல்லாத்தையும் தலைகீழா மாத்தறார். மானியம் கட், அரசுக் கம்பெனியெல்லாம் லாபம் பாக்கணும் இல்ல விக்கணும், 1986ல 10 சதவீதம் ஜிஎஸ்டி. ஆமா, அந்த ஜிஎஸ்டிதான், நமக்கு வர்றதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே. அவர் பேரை வச்சே இதுக்கு 'ரோஜர்னாமிக்ஸ்'னு பேர். தொழிலாளர் கட்சின்னு ஓட்டு வாங்கினவங்க செஞ்ச வேலை இது.

சிடனம் மாதிரி ஏரியாவுக்கு இது சும்மா பேப்பர்ல படிக்கிற கொள்கை இல்ல. அப்பா, தாத்தான்னு தலைமுறையா வேலை பாத்த ரயில்வே ஆளைக் குறைக்குது, அடிங்டன் ஒர்க்‌ஷாப்பையே 1990ல மூடிட்டாங்க. அந்த ஒர்க்‌ஷாப்போட தண்ணி டவர் மட்டும் இப்பவும் நிக்குது, சுத்தி ஷாப்பிங் சென்டர்.

ஆண்டர்டன் கட்சிக்குள்ளயே எதிர்த்துக்கிட்டே இருந்தார். 1988ல பேங்க் ஆஃப் நியூசிலாந்தை விக்கிற விஷயம் வந்துச்சு. விக்க மாட்டோம்னு ஜனங்க கிட்ட சொல்லித்தானே ஓட்டு வாங்கினோம்னு கேட்டு கட்சி சொன்னபடி ஓட்டுப் போட மறுத்தார். சஸ்பெண்ட். 1989 ஏப்ரல்ல கட்சியை விட்டார், மே 1ஆம் தேதி, தேதியைக் கவனிங்க, மே தினம், 'நியூலேபர்'னு புதுக் கட்சி.

இப்போ 1990 எலெக்‌ஷன். நீங்க எந்த நாட்டு அரசியலை எடுத்தாலும் பெரிய கட்சியை விட்டு வெளியே வந்து தனிக்கடை போட்டவன் அடுத்த எலெக்‌ஷன்ல காணாமப் போறதுதான் வழக்கம். அங்கயே 1940ல ஜான் ஏ. லீன்னு ஒரு பெரிய தலை, லேபர் வெளியேத்துச்சு, புதுக் கட்சி ஆரம்பிச்சார், 1943ல சொந்த சீட்டே போச்சு. அதனால ஆண்டர்டன் கதையும் முடிஞ்சுதுன்னுதான் எழுதினாங்க. ரிசல்ட் வந்துச்சு: எதிர்க்கட்சியா இருந்த நேஷனல் 67, லேபர் 29, நியூலேபர் 1. அந்த ஒண்ணு சிடனம். 1946லருந்து லேபரைத் தவிர வேற யாருக்கும் சீட்டைக் கொடுக்காத ஜனங்க, லேபர் வேட்பாளர் எதிர்லயே நிக்கும்போது இவருக்குப் போட்டாங்க. கட்சியை விட்டுட்டு வந்து சொந்தமா ஒரு கட்சி ஆரம்பிச்சு அதுல திரும்ப ஜெயிச்ச முதல் எம்.பி.ன்னு நியூசிலாந்து சரித்திரத்துல பேர் வாங்கினார்.

சிடனம்காரங்க கட்சி விட்டுக் கட்சி தாவினாங்கன்னு நான் நினைக்கல. மேபலுக்கு எதுக்குப் போட்டாங்களோ, கர்க்குக்கு எதுக்குப் போட்டாங்களோ, அதுக்கேதான் மூணாவது தடவையும் போட்டாங்க. ஓட்டுச் சீட்டுல அச்சடிச்ச கட்சிப் பேர் மட்டும் வேற.

கே: அவ்வளவு ஓட்டு வாங்குன ஆள் ஏன் பெரிய கட்சியா வளரல?

ப: யாரு சொன்னா வளரலன்னு? 1991ல நியூலேபர், பசுமைக் கட்சி, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிங்களோட மனா மோடுஹாகே, டெமாக்ரட்ஸ் எல்லாம் சேர்ந்து அலையன்ஸ்னு ஒரு கூட்டணி ஆச்சு. 1993ல நாடு முழுக்க 18 சதவீதம் ஓட்டு. எத்தனை சீட்டு தெரியுமா? ரெண்டு. 99ல ரெண்டு! சிடனத்துல இவர், ஆக்லண்ட் சென்ட்ரல்ல சாண்ட்ரா லீ. ஓட்டு ஊரெல்லாம் சிதறியிருந்தா, தொகுதியில முதல்ல வர்றவருக்கே எல்லாம்ங்கற முறையில அப்படித்தான் ஆகும்.

அதே நாள் அதே சாவடியில ஜனங்க இன்னொரு ஓட்டுச் சீட்டுலயும் ஓட்டுப் போட்டாங்க, இந்தத் தேர்தல் முறையே வேணுமா வேண்டாமான்னு. 53.9 சதவீதம் பேர் மாத்துங்கன்னு சொல்லிட்டாங்க. அதுதான் எம்.எம்.பி. முறை: ஒரு ஓட்டு தொகுதி வேட்பாளருக்கு, ஒரு ஓட்டு கட்சிக்கு, கட்சி வாங்குன சதவீதத்துக்குத் தக்கபடி மொத்த சீட்டு, தொகுதியில கிடைச்சது போக மீதி கட்சி கொடுத்த வேட்பாளர் லிஸ்ட்லருந்து. 1996ல இந்த முறையில நடந்த முதல் எலெக்‌ஷன்ல அலையன்ஸுக்கு ஓட்டு 10 சதவீதமா குறைஞ்சு போச்சு, சீட்டோ 13. ஓட்டு பாதியாச்சு, சீட்டு ஆறு மடங்குக்கு மேல. கணக்கு வாத்தியாருங்க இதை வகுப்புல உதாரணமா சொல்லலாம்.

கே: ஆண்டர்டனுக்கு லாபமான முறை வந்தும் அவர் தொகுதி ஏன் போச்சு?

ப: அந்த முறை வந்ததாலதான் போச்சு! சபைக்கு மொத்தம் 120 பேர்னு முடிவு பண்ணி அதுல 55 பேரை லிஸ்டுக்கு ஒதுக்கினா, தொகுதிக்கு மிஞ்சறது 65தான். முன்னாடி 99 இருந்துச்சு. கிரைஸ்ட்சர்ச் இருக்குற தெற்குத் தீவுக்கு மட்டும் 1967லருந்து 25 பொதுத் தொகுதின்னு சட்டத்துலயே எழுதியிருந்தாங்க, அதை 16ஆ ஆக்கிட்டாங்க. 25 பேர் உக்காந்த பெஞ்சுல 16 பேருக்குத்தான் இடம்னா ஒன்பது பேர் எழுந்திரிக்கணுமே. எல்லை போடுறது அங்க தனி கமிஷன், சென்சஸ் வந்தா உடனே பேனாவும் கையுமா உக்காந்துருவாங்க, எந்தத் தொகுதியும் சராசரியை விட 5 சதவீதத்துக்கு மேல கூடவோ குறையவோ கூடாதுன்னு கண்டிப்பு. சிடனம் கலைஞ்சுது. ஆண்டர்டன் மேற்கால மறுபடி உருவான விக்ரம் தொகுதிக்குப் போனார். விக்ரம்னதும் கமல் படம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல, அது ஹென்றி விக்ரம்னு விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தினவர் பேர்ல இருந்த ஏரோட்ரோம். அங்கேயும் 2011ல ஓய்வு பெறுற வரைக்கும் ஜெயிச்சுக்கிட்டே இருந்தார், நடுவுல 1999லருந்து 2002 வரைக்கும் துணைப் பிரதமர். பேங்கை விக்காதேன்னு சண்டை போட்டுக் கட்சியை விட்டவர், 2002ல போஸ்ட் ஆபீஸ்லயே கிவிபேங்க்னு ஒரு அரசு பேங்கைத் திறக்க வச்சுட்டுத்தான் ஓஞ்சார். பிடிவாதம்னா அது! 2018 ஜனவரியில இறந்தார்.

கே: நிலநடுக்கத்துல அந்த ஏரியா தப்பிச்சுதா? (கிரைஸ்ட்சர்ச்சில் படிக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்த ஒரு அம்மா)

ப: இல்லம்மா. 2011 பிப்ரவரி 22ஆம் தேதி மதியம் வந்த நிலநடுக்கத்துல ஊர்ல 185 பேர் போயிட்டாங்க. அதுல 115 பேர் ஒரே கட்டடத்துல, அது மெட்ராஸ் ஸ்ட்ரீட்ல இருந்த சிடிவி பில்டிங். நம்ம ஊர்ப் பேர் இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சேன், இதை எழுதும்போது கை நின்னுடுச்சு. இங்கிலீஷ் படிக்க வந்த வெளிநாட்டுப் பசங்க நிறைய பேர் அதுக்குள்ள இருந்தாங்க. சிடனத்துலயும் கொலம்போ ஸ்ட்ரீட் ரெண்டு பக்கமும் இருந்த பழைய செங்கல் கடைங்க இடிஞ்சு விழுந்துச்சு, மூலையில இருந்த பழைய மெத்தடிஸ்ட் சர்ச்சையும் இடிச்சுட்டாங்க.

கே: கடைசியா ஒண்ணு, சிடனம்ங்கறது யாரு? கவர்னரா, ஜெனரலா?

ப: ரெண்டும் இல்ல, பீங்கான் கடை! சார்லஸ் பிரின்ஸ்னு ஒருத்தர் கொலம்போ ஸ்ட்ரீட்ல கப்பு, சாசர், தட்டு விக்கிற கடை வச்சிருந்தார், லண்டன்ல இருக்கிற சிடனம் ஏரியாவை நினைச்சு 'சிடனம் ஹவுஸ்'னு போர்டு மாட்டியிருந்தார். முனிசிபாலிட்டி வந்தப்போ என்ன பேர் வைக்கிறதுன்னு கவுன்சில்காரங்களுக்குள்ள ஒத்து வரல, கடைசியில அந்தக் கடை போர்டுல இருந்த பேரையே வச்சுட்டு எழுந்துட்டாங்க. அதுதான் அப்புறம் தொகுதிப் பேரும் ஆச்சு. எழுதும்போது சிடன்ஹாம்னு நீளமா இருக்கும், அந்த ஊர்க்காரங்க வாயில ஹாம் எல்லாம் முழுங்கிப் போய் சிடனம்.